புகைப்பவரின் இன்பம்: டிக்டருக்கு ஒரு மறுப்பு

வியன்னாவில் பிறந்து, நுகர்வோரின் உள்நோக்கங்களை ஆராயும் துறையை அமெரிக்காவில் வளர்த்த உளவியலாளர் எர்னஸ்ட் டிக்டர், 1947இல் வெளியான தம் நூலில், சிகரெட் என்பது உழைப்புக்கிடையே மனிதர் தமக்கே அளித்துக்கொள்ளும் வெகுமதி என்றும் தனிமைக்குத் துணை என்றும் விளக்கினார். புகைப்பவர்கள் சொன்னதை அவர் தவறாகக் கேட்கவில்லை. கேட்டதையே காரணமாகக் கொண்டதுதான் பிழை. உள்ளிழுத்த சில நொடிகளில் மூளையை எட்டும் நிகோடின், ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிட, எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் ஆகிய விலகல் அறிகுறிகள், அதாவது பழகிய பொருள் கிடைக்காதபோது உடல் எழுப்பும் முறையீடுகள், தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட் தரும் நிம்மதியில் பெரும்பகுதி, முந்தைய சிகரெட் வைத்துப்போன கடனுக்குக் கட்டும் வட்டியே.

நிகோடின் நீக்கிய சிகரெட்டும் ஏக்கத்தைச் சற்று நேரம் தணிக்கிறதே என்று டிக்டரின் பக்கம் நிற்போர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் தொண்டையில் படும் காரமும் விரலிடைப் பிடிப்பும் இன்பமாகத் தோன்றுவது, ஆண்டுக்கணக்கில் அவை நிகோடினோடு சேர்ந்தே வந்ததால் நிகழும் ஆக்கநிலையிறுத்தம், அதாவது ஒரு தூண்டலின் பயனை உடன்வந்த இன்னொன்றிடம் உடல் எதிர்பார்க்கக் கற்றுக்கொள்வதாகும்.

சிகரெட்டின் சமூகப் பொருளும் தானாக முளைத்ததன்று. 1929இல் நியூயார்க்கின் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்கள் புகைத்தபடி நடந்ததை விடுதலையின் அடையாளமாகச் செய்தித்தாள்களுக்கு விற்ற மக்கள்தொடர்பு வல்லுநர் எட்வர்ட் பெர்னேஸுக்குக் கூலி தந்ததோ புகையிலை நிறுவனம். டிக்டர் கண்டெடுத்த பொருளில் எவ்வளவு விளம்பரக்காரர்கள் முன்பே புதைத்தது என்ற கேள்விக்கு அவரது வாதம் விடை தருவதில்லை.