ஒரே அப்பம், நடுவில் ஒரு சுவர்

கிறிஸ்தவர்களிடம் ஏன் ஒற்றுமை இல்லை என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். கத்தோலிக்கர் வேறு, சி.எஸ்.ஐ. வேறு, லுத்தரன் வேறு... நற்கருணை பற்றிய போதனையே வேறு வேறு, அப்புறம் எப்படி ஒன்றாவது? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருச்சியில் இந்தப் பதில் செல்லாது.

மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் எழுப்பினார்கள். இரண்டு பக்கமும் புதைக்கப்பட்டவர்களுக்கு ஒரே திருச்சபை, ஒரே போப், ஒரே திருப்பலி. உயிரோடு இருந்தபோது ஒரே நற்கருணையை வாங்கியவர்கள். போதனையில் ஓர் எழுத்துகூட வித்தியாசம் கிடையாது. பிறகு சுவர் எதற்கு? சாதிக்கு. வேறு காரணமே இல்லை.

புராட்டஸ்டன்ட்கள் சிரிக்க வேண்டாம். திருச்சி, தஞ்சாவூர் சபைகளில் 'மேல்' சாதியார் தனியாக உட்கார்ந்தார்கள், கிண்ணத்தில் முதலில் குடித்தார்கள். அவர்களுக்குப் பிறகுதான் மற்றவர்கள். 1826 ஏப்ரல் 3 அன்று திருச்சியில் இறந்த பிஷப் ஹீபர், இது வெறும் சமூக வழக்கம்தானே என்று மென்மையாக இருந்தார். அவருக்குப் பின் வந்த பிஷப் வில்சன் 1833-ல் சாதியை விட்டே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். சபைகளில் பெரும் எதிர்ப்பு. கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரே சாதி வழக்கத்துக்கு ஆதரவாக எழுதியவர்தான்!

போதனைச் சண்டை தீர்க்க முடியாதது அல்ல. 1919-ல் தரங்கம்பாடியில் தொடங்கிய பேச்சு 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபையாக முடிந்தது. பிஷப் உள்ள சபையும் பிஷப்பே வேண்டாம் என்ற சபையும் ஒன்றாகின. 28 வருடத்தில் அது முடிந்தது. சாதி? 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டை அருகே எறையூரில் கத்தோலிக்கர்களுக்குள்ளேயே சாதி மோதல், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் பலி.

"இது சமூகப் பிரச்சினை, விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்பார்கள். அப்படியானால் கொரிந்து சபையை பவுல் ஏன் திட்டினார்? அப்பம் சதையா அடையாளமா என்ற விவாதத்துக்காக அல்ல. சிலர் முந்திக்கொண்டு வயிறு நிறையச் சாப்பிட, ஏழைகள் பசியோடு நின்றதற்காக. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்றார். பந்தியில் பாரபட்சம் வந்தால் பந்தியே செல்லாது, அவ்வளவுதான்.

இன்னும் சிலர் காவிரிக்கு அக்கரையைக் காட்டி "சாதி அங்கேதான்" என்பார்கள். அந்த ஸ்ரீரங்கம்கூட, திருப்பாணாழ்வார் மேல் கல்லெறிந்த அர்ச்சகரே அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் போன கதையை மறைக்காமல் சொல்கிறது. செய்த தப்பை ஒப்புக்கொள்ளும் கதை அது. திருச்சபையில் எந்தப் பிரசங்கத்தில் அந்தச் சுவர் வருகிறது?

ஒற்றுமைக்கு மாநாடு வேண்டாம், கூட்டு அறிக்கை வேண்டாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் கல்லறைகளை மந்திரிக்க வரும் குருக்கள், சுவர் நிற்கும் தோட்டத்தில் மந்திரிக்க மாட்டோம் என்று ஒரே ஒரு வருடம் சொல்லட்டும். அடுத்த வருடம் சுவர் இருக்காது.