சினை நிற்காத மாடா? ரத்தத்தையும் பாருங்கள்



மூன்று, நான்கு முறை சினை ஊசி போட்டும் நிற்காத கறவை மாட்டை மலடு என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுகிறோம். பல நேரங்களில் குறை மாட்டிடம் இல்லை. ஊசி போட்ட நேரத்தில் இருக்கிறது. கத்தலோ, கண்ணாடி போன்ற வழும்போ இல்லாத ஊமைப் பருவத்தைக் கண்ணால் மட்டும் கண்டுபிடிப்பது கடினம்.

அங்கே ரத்தப் பரிசோதனை உதவும். பருவத்தில் இருக்கும் மாட்டின் ரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே இருக்கும். கூடுதலாக இருந்தால் அன்று போடும் ஊசி வீண். ஊசி போட்ட 21 முதல் 24 நாட்களுக்குள் மறுபடி பார்க்கும்போது அளவு குறைந்திருந்தால், சினை இல்லை என்று அறியலாம். கூடியிருந்தால் சினையாக இருக்கலாம். பின்னர் மருத்துவர் பரிசோதித்தே உறுதிசெய்ய வேண்டும். பாலிலும் இதை அளக்க முடியும்.

ரத்தத்தில் அளக்கும் ஏ.எம்.எச். என்ற இன்னொரு ஹார்மோன், சினைப்பையில் வளரும் கருமுட்டை நுண்ணறைகள் எத்தனை என்று காட்டும். கரு மாற்றத்துக்குக் கொடைப் பசுக்களைத் தேர்ந்தெடுக்க அது உதவுகிறது. ஆனால் அந்த ஓர் எண்ணை வைத்துப் பசுவைக் கழித்துவிடக் கூடாது. தீவனம், தாது உப்பு, கருப்பை நோய் ஆகியவையும் முக்கியம்.

இப்பரிசோதனைகள் வட்டார அளவில் குறைந்த கட்டணத்தில் கிடைக்க, கால்நடை பராமரிப்புத் துறையும் பால் கூட்டுறவு ஒன்றியங்களும் ஏற்பாடு செய்ய வேண்டும்.

– பால் உற்பத்தியாளர் ஒருவர், ஈரோடு மாவட்டம்