படமுதலாளி பாடஞ் சொல்லலாகாதா?

திரைப்படக் கல்விக்குப் படமுதலாளி தலைமை தாங்குவதா என்று முகஞ்சுழிக்கும் கல்விமான்கள் நம்மிடையே உளர். பணம் போட்டவன் பணத்தை எண்ணட்டும், பல்கலைக்கழகத்தில் அவனுக்கு என்ன அலுவல் என்பது அவர்தம் வாதம். இதனை நாம் அடியோடு மறுக்கிறோம்.

அமெரிக்காவில் லோரன்ஸ் டேர்மன் என்றொருவர் இருந்தார். தந்தையாரின் புடைவை வியாபாரத்தில் தொழில் பழகியவர். பின்னர் நடிகர்களின் முகவராகிப் படத் தயாரிப்பில் இறங்கினார். 'தி கிராஜுவேற்' என்னும் நாவலைப் படமாக்கும் உரிமைக்கு ஆயிரம் டொலரைத் தம் கைப்பணமாகவே கொடுத்தார். அதுவரை மேடை நாடகங்களையே நெறிப்படுத்திவந்த மைக் நிக்கல்சைத் தேடிப்பிடித்தார். பெரிய படக் கம்பனிகள் கைவிரித்தன, மனிதர் தளரவில்லை. 1967இல் படம் வெளிவந்தது. நிக்கல்சுக்கு ஒஸ்கார் கிடைத்தது. 1991இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் திரைப்படக் கல்லூரியின் தயாரிப்புக் கல்விப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. 2021 வரை முப்பது ஆண்டுகள் அவரே அதன் தலைவர். மறுத்தவன் வாசலில் மறுபடியும் போய் நிற்பது எப்படி என்பதை அவரிலும் நன்றாய்க் கற்பிக்கவல்லார் யார்?

இங்கு நடந்ததென்ன? சிங்களப் படவுலகின் முன்னணித் தயாரிப்பாளராய் விளங்கிய தமிழர் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோவை 1983 ஆடிக் கலவரத்தில் எரித்தனர். 1989இல் அவரையே கொன்றனர். கட்டிடக் கலைஞர் வீ. எஸ். துரைராசா 1972இல் 'குத்துவிளக்கு' படத்தைத் தயாரித்தார். தலைமை ஆசனம் தந்து இவர்தம் அனுபவத்தைப் பெற்றுக்கொள்ள எந்தப் பல்கலைக்கழகம் முன்வந்தது?

வன்னி உடையார்கட்டை எண்ணிப் பாருங்கள். 2009 தை மாதத்தில் அரசு 'பாதுகாப்பு வலயம்' என அறிவித்த நிலத்துள் அவ்வூரும் அடங்கியது. அந்த வலயத்துக்குள்ளேயே எறிகணை வீழ்ந்து மக்கள் மாண்டனர். அக்கொடுமையை உலகறியச் செய்த 'நோ ஃபயர் ஸோன்' ஆவணப்படத்தை 2013இல் எடுத்தவர் கலம் மக்ரே என்னும் ஸ்கொட்லாந்து ஊடகவியலாளர். தமிழ் அகதியின் கதையான 'தீபன்' 2015இல் கான் விழாவில் தங்கப்பனை பெற்றது, நெறியாண்டவர் பிரெஞ்சுக்காரர். இருவருக்கும் நன்றியுடையோம். ஆயினும் நம் கதைக்கு என்றென்றும் அயலார்தான் முதலிட வேண்டுமோ?

உடையார்கட்டுக் கமக்காரரின் பிள்ளையிடம் இன்று கைத்தொலைபேசியிலேயே கமரா உண்டு. கமரா இருந்தால் படம் வந்துவிடுமா? விதைநெல் மட்டும் இருந்தால் காலபோகம் விளைந்துவிடுமா? உழவுக் கூலி, உரம், வாய்க்கால் முறை, நெல்லை வாங்குவோன் குணம் அத்தனையும் அறியாதவன் அறுவடையன்று கடனாளி. படத்துக்கும் முதல் திரட்டல், ஒப்பந்தம், திரையரங்கு பிடித்தல் எல்லாம் உண்டு. பட்டு அறிந்தவனே இவற்றைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தையும் வவுனியாப் பல்கலைக்கழகத்தையும் நாம் கேட்கிறோம்: திரைப்படத் தயாரிப்புக்கு ஒரு கல்விப் பிரிவு அமையுங்கள். பட்டச் சான்றிதழைக் கேட்டு அனுபவசாலியை வாசலில் நிறுத்தும் விதி இருக்குமாயின் அதைத் திருத்துங்கள். ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் படமெடுத்து இலாபமும் நட்டமும் கண்ட தமிழர் பலர் உளர். அவர்களுள் ஒருவரை அழைத்து அதன் தலைமையைக் கொடுங்கள். வன்னிப் பிள்ளைகளுக்கென இடமும் ஒதுக்குங்கள்.