இரத்தம் குடிக்காத காதலன்

ஒரு புத்தகத்தைத் தொடங்குவது வேறு, ஒரு தொடரைத் தொடங்குவது வேறு. பிடித்துப்போனால் நான்கு பாகம் தூக்கம் போகும். பிடிக்காவிட்டால் கொடுத்தவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' 2005இல் வந்தது. 2008க்குள் நான்கு பாகங்களும் வெளியாகி, 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்று, திரைப்படங்களாகவும் ஓடி முடிந்தன. அப்போது தப்பித்த நான் இப்போது மாட்டிக்கொண்டேன். நான்காம் படிவம் படிக்கும் அக்கா மகள் முதல் பாகத்தைக் கையில் திணித்து, "படிச்சிட்டுப் பேசுங்க, சித்தி" என்றாள்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வேலைக்குப் போகும் நேரத்தில் வாசித்தேன். மழை ஓயாத ஃபோர்க்ஸ் என்ற சிற்றூர். 17 வயது பெல்லா. அவள் வகுப்பில் எட்வர்ட். 1918இல் இரத்தக் காட்டேரி ஆனதிலிருந்து அவனுக்கும் 17 வயதுதான். மனித இரத்தம் தொடுவதில்லை என்று விரதம். அவள் வாசம் பித்தாக்கினாலும் தன்னை அடக்கிக்கொள்கிறான். அந்த அடக்கம்தான் இளம்பெண்களைக் கட்டிப்போடுகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒருநாள் தோசை ஆறியது தெரியாமல் நானும் வாசித்தேன்.

உறுத்தலும் உண்டு. பெல்லா தூங்கும்போது, அவளுக்குத் தெரியாமல், இரவு இரவாக அவள் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். கதை அதைக் காதல் என்கிறது.

இரத்தமும் காதலும் நம் ஊருக்குப் புதிதல்ல. பொந்தியானாக் கதை கேட்காமல் இங்கு வளர்ந்தவர் யார்? பிரசவத்தில் இறந்தவள் பேயாகிறாள். பிடரியில் ஆணி அடித்தால் அழகிய மனைவியாகிவிடுகிறாள். 1957இல் வந்த 'பொந்தியானாக்' படத்தை இயக்கியவர், அதற்கு முன் தமிழ்ப் படங்களும் இயக்கிய பி.என்.ராவ். அதில் மரியா மெனாடோ நடித்த நாயகி, பாம்பு கடித்த கணவனைக் காப்பாற்ற நஞ்சை உறிஞ்சப்போய், நாவில் இரத்தம் பட்டுப் பேயாகிறாள்.

நம் கதையில் அடக்கப்பட வேண்டியவள் பெண், ஆணியும் அவளுக்கே. மேயரோ ஆணையே தன்னை அடக்கிக்கொள்ளச் சொல்கிறார். அதற்குப் பாராட்டலாம். ஆனால் அந்த இரவுக் காவலை நினைத்தால், பாராட்டில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

அக்கா மகளிடம் கேட்டேன். "கதைல ஓகே, சித்தி. நெஜத்துல வந்தா போலீசுதான்" என்று சிரித்தாள்.

"சரி. எங்கே இருக்க, யாரோட இருக்கன்னு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்ல கேக்கறவன்? அவனும் அன்புன்னுதானே சொல்வான்?"

சிரிப்பு நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் தோழி ஒருத்தியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். அரை மணி நேரம் பேசினோம். அறிவுரை சொல்ல உட்கார்ந்திருந்தால் அவள் வாயே திறந்திருக்கமாட்டாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தத் தொடரைப் படித்தால் பிடுங்கி வைக்காதீர்கள். நீங்களும் ஒரு பாகம் படியுங்கள். பிடிக்க வேண்டும் என்றில்லை; பேசுவதற்கு உதவும். எனக்கு இரண்டாம் பாகம் வந்து சேர்ந்துவிட்டது.