பூஸ்டரைக் கழட்டும் புண்ணியவான்களுக்கு

கொல்கத்தாவில் பழைய கார் வைத்திருக்கும் நம்மாட்களிடம் ஒரு வியாதி பரவிக்கொண்டிருக்கிறது. கான்டெஸாவில் பிரேக் கட்டையாகிவிட்டதா? "பூஸ்டர் போச்சு, புதுசு கிடைக்காது. தூக்கிட்டு டைரக்டா போட்டுடலாம்" என்று பாதி இந்தி பாதி பெங்காலியில் மெக்கானிக் சொல்கிறார். நம்மாளும் தலையாட்டிவிட்டு வந்து, "மேனுவல் பிரேக்தான்யா ஒரிஜினல் ஃபீலிங்" என்று லேக் மார்க்கெட்டில் காபி குடித்தபடி அளக்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால்தான் இந்தப் பதிவு.

மேனுவல் பிரேக்குக்கு நான் எதிரி இல்லை. பூஸ்டர் வண்டியை நிறுத்துவதில்லை, உங்கள் காலுக்கு உதவுகிறது, அவ்வளவுதான். நிறுத்துவது டயரின் பிடிப்பு. ஒழுங்காக அமைத்த மேனுவல் பிரேக்கும் அதே தூரத்தில் நிறுத்தும். என் சண்டையெல்லாம் அந்த 'ஒழுங்காக' என்ற ஒரு வார்த்தைக்காகத்தான்.

உடனே ஒரு கேள்வி வரும்: "எங்க அப்பாவோட அம்பாசடர்ல பூஸ்டரா இருந்துச்சு? ஓட்டலையா?" ஓட்டினார் சாமி. பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் நாலு சக்கரத்திலும் டிரம். சக்கரம் சுற்றும் வேகமே ஷூவை டிரம்மோடு சேர்த்து இழுத்துக்கொள்ளும். பாதி வேலையை டிரம்மே செய்துவிடும். டிஸ்க்கில் அந்தச் சலுகை கிடையாது. பேடை எவ்வளவு அமுக்குகிறீர்களோ அவ்வளவுதான். 1984 முதல் 2002 வரை உத்தர்பாராவில் செய்த கான்டெஸாவுக்கு முன்னால் டிஸ்க். பூஸ்டர் வைத்தது அலங்காரத்துக்கு இல்லை.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்படாதீர்கள், ஆறாம் வகுப்புக் கணக்குதான் :-)

பவர் பிரேக் வண்டியில் பெடல் விகிதம் பொதுவாக 4-க்கு 1 அருகில் இருக்கும். நீங்கள் 30 கிலோ மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்கு 120 கிலோ போகும். சிலிண்டர் 25.4 மில்லிமீட்டர் என்றால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 24 கிலோ. பூஸ்டர் இருந்தவரை எஞ்சினின் வேக்குவம் இதற்கு மேல் 150 கிலோவுக்குக் குறையாமல் தள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டீர்கள். மிச்சம் உங்கள் கால் மட்டும்.

இதையே 6-க்கு 1 விகிதமாக்கி, சிலிண்டரை 22.2 மில்லிமீட்டராகக் குறைத்தால் அதே 30 கிலோ மிதிக்கு 46 கிலோ அழுத்தம் வரும். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சும்மா வராது, பெடலும் இரண்டு மடங்கு கீழே போகும். அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெடலில் கம்பி மாட்டும் துளையை மேலே ஏற்ற வேண்டும். சிலிண்டர் பிஸ்டனில் கம்பி உட்காரும் குழி ஆழமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கம்பி நழுவும். நழுவினால் பிரேக்கே கிடையாது. இத்தனையும் செய்தால்தான் அது மாற்றம். பூஸ்டர் இருந்த இடத்தில் ஒரு தகடும் ஒரு நீளக் கம்பியும் வைப்பது ஒப்பேற்றல்.

நண்பர் ஒருவர் வண்டியில் ஒரு பட்டறை இப்படித்தான் ஒப்பேற்றிக் கொடுத்தது. அவர் எண்பது கிலோ ஆள், சீட்டில் முதுகை முட்டுக்கொடுத்து மிதித்தால் நிற்கிறது. ஒருநாள் அவர் மனைவி பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டிவந்தார். சதர்ன் அவென்யூ சிக்னலில் இரண்டு காலாலும் மிதித்தும் வண்டி கோட்டைத் தாண்டித்தான் நின்றது. நல்லவேளை, குறுக்கே யாரும் இல்லை. "அவளுக்கு ஓட்டத் தெரியலை" என்பது நண்பரின் தீர்ப்பு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அங்கேதான். அந்தப் பெண்மணி பத்து வருடமாகக் கொல்கத்தாவில் ஓட்டுகிறார். தெரியாதது அவருக்கில்லை, பட்டறைக்காரருக்கு!

அமெரிக்காவில் கழட்டுகிறார்களே என்பீர்கள். அங்கே ரேஸ் கேம்ஷாஃப்ட் போட்ட வி-8 எஞ்சினில் வேக்குவம் போதாது, அதனால் கழட்டுகிறார்கள். கூடவே பெடலையும் சிலிண்டரையும் மாற்றுகிறார்கள். உங்கள் 1.8 லிட்டர் இசுசூ பெட்ரோல் எஞ்சின் வேக்குவத்தைத் தாராளமாகவே தரும். டீசல் என்றால் தனி வேக்குவம் பம்ப் வேண்டும். பம்ப் செத்ததற்குப் பூஸ்டரைத் தூக்கில் போட்ட கதைகளும் உண்டு.

கழட்டும் முன் ஐந்து நிமிடம் செலவழியுங்கள். எஞ்சினை அணைத்து, பெடல் கட்டையாகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் உயிரோடு இருக்கிறது. இறங்காவிட்டால் முதலில் வேக்குவம் குழாயையும் வால்வையும் பாருங்கள். பூஸ்டரே போயிருந்தாலும் டயாபிரம் மாற்றிப் பார்க்கலாம். மல்லிக் பஜாரில் ஒரு சனிக்கிழமை அலைந்தால் குறைந்து போய்விடமாட்டீர்கள்.

அப்படியும் மேனுவல்தான் வேண்டுமா? தாராளமாகச் செய்யுங்கள், முழுசாகச் செய்யுங்கள். பட்டறைக்காரருக்குப் பணம் கொடுக்கும் முன், வீட்டில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிலேயே மெலிந்த கால் யாருடையதோ அவரைக் காலி மைதானத்தில் மிதிக்கச் சொல்லுங்கள். அவர் காலுக்கு வண்டி நிற்கவில்லையென்றால் வேலை முடியவில்லை என்று அர்த்தம். சாவியைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு மெட்ரோவில் வீட்டுக்குப் போங்கள்.