கொசுவுக்கு பொறி வெச்சாச்சு... டிரம்மை மூடியாச்சா?

கோவை:

நாலு நாள் மழை பெய்து ஓய்ந்தால் போதும், கோவையில் டெங்கு பேச்சு கிளம்பிவிடும். இந்த பீதி சும்மா வந்ததல்ல. தமிழகத்தில் டெங்குவுக்கு 2012-ல் 66 பேரும், 2017-ல் 65 பேரும் பலியானதாக அரசு கணக்கே சொல்கிறது.

இதனால் கடையில் விற்கும் நீல லைட் பொறி முதல், வீட்டிலேயே செய்யும் பக்கெட் பொறி வரை பலரும் வாசலில் வைக்கிறார்கள். இதனால் கொசு ஒழியுமா?

நீல லைட்டுக்கு சிக்காது

டெங்குவை பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும். வெளிச்சத்தை தேடி வராது. நீல லைட்டில் விழுவது பெரும்பாலும் அந்துப்பூச்சியும் ஈசலும்தான்.

பக்கெட் பொறி வேறு ரகம். கருப்பு பக்கெட்டில் பாதி தண்ணீர் ஊற்றி, சொரசொரப்பான துணியை உள்ளே தொங்கவிட்டு நிழலில் வைக்க வேண்டும். ஏடிஸ் கொசு அதில் வந்து முட்டை போடும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள் ஆகும். அதற்குள் தண்ணீரை காய்ந்த மண்ணில் கொட்டி, துணியை கொதிக்கிற தண்ணீரில் போட்டு, பக்கெட்டை நார் வைத்து தேய்த்து கழுவினால் அத்தனையும் காலி.

மறந்து விட்டால் வம்புதான். பொறியே கொசுப் பண்ணை ஆகிவிடும். தேய்க்காமல் விட்டாலும் ஆபத்து. ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

ஒரு வீடு போதாது

புவர்ட்டோ ரிக்கோ தீவில் 2011-ல் இதே மாதிரி பசை தடவிய பொறியை வைத்து சோதனை தொடங்கினார்கள். வீட்டுக்கு 3 பொறி. 80 சதவீதத்துக்கும் மேல் வீடுகளில் வைத்தார்கள். பெண் கொசு பாதிக்கு மேல் குறைந்தது. அதாவது, தெருவே சேர்ந்து வைத்தால்தான் பலன். பக்கத்து வீட்டு கொசுவுக்கு காம்பவுண்டு சுவர் ஒரு பொருட்டா?

டிரம்தான் வில்லன்

இன்னொரு விஷயம். வாசலில் ஒரு பொறி, புழக்கடையில் திறந்து கிடக்கும் 4 டிரம், சிமெண்ட் தொட்டி, பழைய டயர், கொட்டாங்குச்சி. கொசு எதற்கு பொறியை தேடி வரப்போகிறது? முதலில் டிரம்மை துணியால் இறுக்கி கட்டுங்கள். பிரிட்ஜ் பின்னால் உள்ள தட்டையும் பாருங்கள். அப்புறம் பொறி வையுங்கள்.

ஆனால் மக்கள் ஆசைக்காகவா டிரம்மில் தண்ணீர் பிடிக்கிறார்கள்? குழாயில் எப்போது வரும் என்று தெரியாததால்தானே? கோவைக்கு 24 மணி நேர குடிநீர் திட்டத்துக்கு 2018-ல் ஒப்பந்தம் போட்டார்கள். தினமும் தண்ணீர் வரும் தெருவில் டிரம்முக்கு வேலை இல்லை. கொசுப்புழு இருந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் போடுவது சரி. டிரம்மை நிரப்ப வைத்தவர்களுக்கு யார் அபராதம் போடுவது?

அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. கவுத்துங்க, தேய்ங்க, மூடுங்க. ஆஸ்பத்திரி செலவை விட இது மலிவு.