திருகை முடுக்கும் முன் காற்றைக் கணக்கிடுங்கள்

என் மாமா ஒருவரிடம் பழைய டீசல் லோரி இருக்கிறது. சிறிய லோரிதான். 2.8 லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. ஈப்போவிலிருந்து உரம் ஏற்றிக்கொண்டு சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்குப் போவார்; காய்கறியோடு இறங்குவார். இப்போது ஏற்றத்தில் லோரி திணறுகிறது, கரும்புகையும் கக்குகிறது. டீசல் பம்பில் உள்ள ஒரு திருகைக் கொஞ்சம் முடுக்கினால் வண்டி பறக்கும் என்று பட்டறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"நீதான் சயன்ஸ் டீச்சராச்சே, முடுக்கலாமா வேணாமா, நீயே சொல்லும்மா" என்றார்.

வேண்டாம் என்றேன். என் கருத்துக்குக் காரணம் ஒரு எளிய கணக்கு. மாணவர்களே, நீங்களும் அதைப் போட்டுப் பாருங்கள்.

பழைய டீசல் இயந்திரத்தில் கணினி இல்லை. டீசலை அளந்து, உயர் அழுத்தத்தில், சரியான நேரத்தில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் அனுப்புவது இந்தப் பம்புதான். முழுச் சுமையில் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்பதை அந்தத் திருகு தீர்மானிக்கிறது. அதை முடுக்கினால் டீசல் கூடும். காற்று கூடாது. எல்லாச் சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது.

1 கிராம் டீசல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.5 கிராம் காற்று வேண்டும். ஆனால், டீசல் கடைசி நேரத்தில்தான் சிலிண்டருக்குள் தெளிக்கப்படுகிறது. எல்லாக் காற்றோடும் கலக்க அதற்கு நேரம் இல்லை. ஆகவே, புகையின்றி எரிய 20 கிராம் அளவுக்குக் காற்று இருப்பது நல்லது.

மாமாவின் லோரியில் ஒரு சிலிண்டர் ஒரு முறைக்கு 0.7 லிட்டர் காற்றை இழுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 1 லிட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிராம். ஆக, 0.84 கிராம் காற்று. அதை 20-ஆல் வகுத்தால் 0.042 கிராம் டீசல். ஈப்போவில் இது சரியான அளவு.

இப்போது மலை ஏறுவோம். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 13 விழுக்காடு குறைவு. சிலிண்டருக்குள் வருவது 0.73 கிராம் காற்றுதான். பம்போ அதே 0.042 கிராம் டீசலை அனுப்புகிறது. விகிதம் 17-க்கு இறங்கிவிடுகிறது, புகை தொடங்குகிறது. திருகை முடுக்கி டீசலை 10 விழுக்காடு கூட்டினால், விகிதம் 16-க்கும் கீழே போய்விடும். வண்டிக்குக் கொஞ்சம் இழுவை கிடைக்கலாம். கூடவே கரும்புகையும் சூடும் கூடும். டீசல் இயந்திரத்தில் எரிபொருளைக் கூட்டக் கூட வெளியேறும் புகையின் வெப்பநிலை ஏறும். நீண்ட ஏற்றத்தில் அது பிஸ்டனையே உருக்கிவிடக்கூடும்.

புகையை முகரும் மற்றவர்களையும் நினைக்க வேண்டும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. நம் நாட்டிலும் டீசல் வாகனப் புகைக்கு 1996 முதல் சட்ட வரம்பு உண்டு. லோரிக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தப் புகையிலிருந்து தப்ப வழியில்லை.

"தொழிற்சாலையில் கொஞ்சம் குறைவாகத்தானே வைத்திருப்பார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். சில இயந்திரங்களில் அது உண்மைதான். டர்போ இருந்து, புகையின் வெப்பநிலையைக் காட்டும் மானியும் பொருத்தி, விவரம் தெரிந்தவர் செய்தால் ஓரளவு கூட்ட முடியும். மாமாவின் லோரியில் இவை எதுவும் இல்லை. அளக்க முடியாத ஒன்றைக் காதால் கேட்டும் கண்ணால் பார்த்தும் மாற்றுவது பரிசோதனை ஆகாது.

அப்படியானால் திணறலுக்கு என்ன வழி? முதலில் காற்று வடிகட்டி, அடுத்து டீசல் வடிகட்டி, பிறகு நோசல், கடைசியாகச் சிலிண்டரின் அழுத்தம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மாறிகளைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொள்கிறீர்களே, அதே முறைதான். எல்லாம் சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், பம்பைக் கழற்றிச் சோதனை மேசை உள்ள கடைக்கு அனுப்பி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குத் திரும்பக் கொண்டுவரலாம். பழுதை நீக்க பம்பைத் தொடுவதை நான் எதிர்க்கவில்லை.

மாமா வடிகட்டியைத் திறந்தபோது உள்ளே செம்மண் அப்பியிருந்தது. நோசல் ஒன்று தெளிக்காமல் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் மாற்றினார். புகை வெகுவாகக் குறைந்தது. ஏற்றத்தில் லோரி இன்னும் மெதுவாகத்தான் போகிறது. அதற்காக அவர் கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புகிறார்.

உங்கள் வீட்டிலும் பழைய டீசல் வண்டி இருந்தால், இந்த வாரம் அப்பாவோடு சேர்ந்து காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். ஓடும் இயந்திரத்தின் டீசல் குழாய்களில் மட்டும் கை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.